கவசம் படிக்கிறவன் கால் உடையலாமா?

ஓம் சரவணபவ.

நாளைக்கு கிருத்திகை. நிறைய வீட்டுல கந்த சஷ்டி கவசம் ஒலிக்கும். அதுக்கு முன்னாடி, அடியார்கள் மனசுல அடிக்கடி எழுகிற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம்னு நினைக்கிறேன். வாய்விட்டுக் கேட்கத் தயங்குவோம். ஆனா வீட்டுல ஒரு விபத்து நடந்துட்டா உள்ளுக்குள்ள கண்டிப்பா வரும். "தினமும் கவசம் படிக்கிறவனுக்கு இப்படி ஆகலாமா? படிச்சதுல குறையா? இல்ல, கூப்பிட்டது அவனுக்குக் கேட்கலையா?"

பெரியவங்க இதுக்கு இரண்டு பதில் வெச்சிருக்காங்க. ஒண்ணு, முன்வினை. இன்னொண்ணு, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. இரண்டையும் நான் தள்ளிவைக்கல. ஆனா வலியில கிடக்கிறவன் முகத்தைப் பார்த்து "உன் முன்வினைப்பா"ன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. அந்த நேரத்துல தலைப்பாகைக் கதையும் அவனுக்கு ஆறுதல் தராது.

நான் சாஸ்திரம் படிச்சவன் இல்ல. கோயம்புத்தூர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை பார்க்கிறவன். எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ஒரு பொருள் என்ன செய்யுதுன்னு தெரியணும்னா, அது ஓடிக்கிட்டிருக்கும்போது பக்கத்துல நின்னு கவனிக்கணும். கவசம் வேலை செய்யுறதை நான் ஒரு தடவை அப்படிப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். கொடைக்கானலுக்கு மேல ஒரு மண் பாதையில, நண்பன் அடிபட்டுக் கிடந்த நேரத்துல. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

கவசத்தில் ஒரு வரிசை இருக்கு

தேவராய சுவாமிகள் அருளிய கவசத்தை, சூலமங்கலம் சகோதரிகள் குரல்ல கேட்டு வளர்ந்தவங்க நாம. பாதிப் பேருக்குப் புத்தகமே வேண்டாம், மனப்பாடம். ராகத்தோட ஓடிடுறதால ஒரு விஷயம் கவனத்துக்கு வராமலே போயிடும். வேலை அழைச்சு உடம்பை ஒப்படைக்கிற பகுதியில ஒரு வரிசை இருக்கு.

முகத்துல தொடங்கும். நெற்றி, கண், காது, மூக்கு, வாய், பல், நாக்கு, கன்னம், கழுத்து, மார்பு, தோள், பிடரி, முதுகு, விலா, வயிறு, இடுப்புன்னு இறங்கி, கால் விரலும் பாதமும் வரைக்கும் போகும். அப்புறம் கைகளுக்கு வரும். பல் முப்பத்திரண்டு, விலா பதினாறுன்னு எண்ணிச் சொல்ற இடம்கூட உண்டு. உடம்பு முடிஞ்சதும் நேரம் வரும். பகல், பாதி ராத்திரி, ஜாமம் எல்லாத்துலயும் காக்கச் சொல்லி, தாமதம் நீங்கணும்னும் ஒரு வேண்டுதல் இருக்கும்.

"முருகா, என்னைக் காப்பாத்து"ன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாம். ஆனா சுவாமிகள் ஒவ்வொரு உறுப்பா நின்னு நின்னு போறார். ஏன்?

எங்க ஆபீஸ்ல நடந்த ஒரு நாள் முதலுதவிப் பயிற்சியில கிட்டத்தட்ட இதே வரிசையைக் கேட்டப்போ எனக்குச் சிலிர்த்துப் போச்சு. பயிற்சி கொடுத்தவர் சொன்னது: "முதல்ல நினைவு இருக்கா, மூச்சு வருதா, ரத்தம் கொட்டுதான்னு பாருங்க. அது சரியா இருந்தா, தலையில இருந்து கால் வரைக்கும் ஒவ்வொரு இடமாப் பாருங்க. வலிக்குதுன்னு அவங்க காட்டுற இடத்தோட நிறுத்திடாதீங்க. பெரிய வலி இன்னொரு வலியை மறைச்சிடும்."

இதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

மலைமேல நடந்தது

கார்த்திகை மாசம், மழை விட்டிருந்த ஒரு வாரம். நாங்க நாலு பேர். எல்லாரும் மண் பாதையில வண்டி ஓட்டுற பைத்தியங்கள். உடுமலை வழியா பழனி வந்து, அடிவாரத்துல கும்பிட்டுட்டு கொடைக்கானல் ஏறினோம். மறுநாள் காலையில பூம்பாறை குழந்தை வேலப்பர் தரிசனம். கொடைக்கானல்ல இருந்து சுமார் 20 கி.மீ. அங்கிருந்து மன்னவனூர் பக்கம் போய், தெரிஞ்சவர் ஒருத்தரோட தோட்டத்து வழியில, அவர்கிட்ட சொல்லிட்டு வண்டியை இறக்கினோம். காட்டுக்குள்ள போற வழி கிடையாது, தோட்டத்து ஜீப் போற பாதைதான். ஒரு பக்கம் பூண்டு வயல், இன்னொரு பக்கம் பாறைச் சரிவு.

எங்க நாலு பேர்ல பெரிய பக்தன், இனி நான் சொல்லப்போற நண்பன்தான். அஞ்சு வருஷமா தைப்பூசத்துக்குக் கோவையில இருந்து பழனிக்குப் பாதயாத்திரை போறவன். ஹெல்மெட் மாட்டுறதுக்கு முன்னாடி நெற்றியில திருநீறு இருக்கான்னு கண்ணாடியில பார்த்துக்குவான். தினமும் காலையில கவசம்.

விழுந்தவன் அவன்தான்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஒரு இறக்கம். மழைத்தண்ணி அறுத்துப்போட்ட பள்ளத்துல அவன் வண்டியோட முன்சக்கரம் மாட்டி, வண்டி இடது பக்கம் சாய்ஞ்சிடுச்சு. வேகம் எல்லாம் பெருசா இல்ல. ஆனா இடது கால் வண்டிக்கும் பாறைக்கும் நடுவுல. வண்டியைத் தூக்கி நகர்த்தி, இன்ஜினை நிறுத்திட்டுப் பார்த்தா, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல கால் ஒரு மாதிரி கோணியிருந்தது. ஹெல்மெட்ல பின்பக்கம் ஒரு நீள விரிசல்.

நினைவு இருந்தது, பேசினான். கழுத்து வலிக்கல, கை விரல், கால் விரல் எல்லாம் அசைஞ்சது. ஆனாலும் எழுந்திரிக்க விடல. ஹெல்மெட்டையும் நாங்க பிடிச்சு இழுக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு அவனே மெதுவாக் கழட்டினான். ரத்தம் கொட்டல, எலும்பு தோலைக் கிழிச்சு வெளிய வரல. பூட்ஸையும் கழட்டல, அது கணுக்காலை நல்லாப் பிடிச்சுக்கிட்டிருந்தது. இரண்டு நேரான கம்பு தேடி, துண்டைச் சுத்தி மெத்தை மாதிரி வெச்சு, கால் எப்படிக் கிடந்ததோ அப்படியே, நிமிர்த்தாம, முழங்காலும் கணுக்காலும் அசையாதபடி பை கட்டுற கயித்தால கட்டினோம். உடைஞ்ச இடத்து மேல கட்டு விழாம மேலயும் கீழயும்தான் போட்டோம். இதெல்லாம் அந்த ஒரு நாள் பயிற்சி.

யாரோட போன்லயும் சிக்னல் இல்ல. இரண்டு பேர் சேர்ந்து மேல ஏறி சிக்னல் தேடவும் ஊர் ஆட்களைக் கூட்டவும் போறதுன்னும், நான் அவன்கூட இருக்கிறதுன்னும் முடிவு பண்ணினோம். அவங்க போனாங்க. வண்டிச் சத்தம் தேஞ்சு தேஞ்சு நின்னுபோச்சு. மூடுபனி இறங்க ஆரம்பிச்சது.

பக்கத்துல இருக்கிறது

சுமார் 2000 மீட்டர் உயரத்துல, கார்த்திகை மாசச் சாயங்காலம், வேர்வையில நனைஞ்ச சட்டையோட ஒருத்தன் தரையில கிடந்தா, குளிரே அவனுக்கு இன்னொரு எதிரி. ரெயின்கோட்டைக் கீழ விரிச்சு, மெதுவா ஒருக்களிச்சுப் பிடிச்சு உள்ள தள்ளி, என்னோட ஜாக்கெட்டை மேல போர்த்தினேன். டீ வேணும்னான். ஃபிளாஸ்க்ல இருந்தது. ஆனா ஆபரேஷன் வேண்டியிருக்கலாம்கிறதால கொடுக்கல, உதட்டை மட்டும் நனைச்சேன். திட்டினான். திட்டுறானேன்னு எனக்கு நிம்மதி.

அப்புறம் ஒரு பத்து நிமிஷம் பேசவே இல்ல. திடீர்னு கேட்டான்.

"மாப்ள, இன்னைக்குக் காலையிலகூட கவசம் படிச்சேன்டா. குழந்தை வேலப்பர் முன்னாடி நின்னு படிச்சேன். அப்புறம் ஏன்டா?"

தொடக்கத்துல சொன்ன அந்தக் கேள்விதான். எங்கிட்ட பதில் இல்ல. "தெரியலடா"ன்னேன். அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவ்வளவுதான் செய்ய முடிஞ்சது.

பூம்பாறைத் தல வரலாறு தெரிஞ்சவங்களுக்கு இந்த இடத்துல ஒண்ணு ஞாபகம் வரும். அருணகிரிநாதர் அந்தக் கோயில்ல ஒரு ராத்திரி தங்கித் தூங்கியிருக்கார். அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வந்தாளாம். முருகன் என்ன செஞ்சான்? சூரனை அழிச்ச வேல் கையில இருக்கு, ஒரு வீச்சு போதும். ஆனா அந்தக் கதையில அவன் வேலை எடுக்கல. ஒரு குழந்தையா மாறி அவர் பக்கத்துல போயிட்டான். வந்தவ பார்த்தா, குழந்தையோட ஒரு ஆள். மனசு வரல, விட்டுட்டுப் போயிட்டா. அதனாலதான் அங்க அவனுக்குக் குழந்தை வேலப்பர்னு பேர் வந்ததுன்னு சொல்வாங்க. அருணகிரியாருக்கு அந்த நேரத்துல ஒண்ணும் தெரியாது, தூங்கிக்கிட்டிருந்தார்.

அன்னைக்குக் காலையில அர்ச்சகர் சொல்லக் கேட்டப்போ அழகான கதைன்னு தலையாட்டிட்டு வந்தோம். சாயங்காலம் பனிக்குள்ள உட்கார்ந்திருந்தப்போதான் அதோட கனம் புரிஞ்சது. காக்கிறதுல முதல் வேலை, பக்கத்துல இருக்கிறது. அதுக்குப் பெரிய பலம் வேண்டாம், ஒரு குழந்தையாலகூட முடியும். முருகனே அப்படித்தான் காத்துக் காட்டியிருக்கான். அடிபட்ட ஒருத்தன் பக்கத்துல, எங்கயும் போகாம உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தரும் அந்தக் குழந்தை செஞ்ச வேலையைத்தான் செய்யுறாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு அவனே, "சரி, நீ சொல்லு, நான் கூடவே சொல்றேன்"னான். கவசத்தை ஆரம்பிச்சேன். அவனுக்குத் தெரிஞ்ச அளவு எனக்கு வராது, தடுமாறினா அவன் எடுத்துக் கொடுப்பான். உடம்பு வரிசை வந்தது. எனக்கு அந்தப் பயிற்சி ஞாபகம் வர, சொல்லச் சொல்ல அந்தந்த இடத்துல கையை வெச்சு இன்னொரு தடவை பார்த்துக்கிட்டே போனேன். நெற்றி ஜில்லுனு இருக்கா, கண்ணு நேரா பார்க்குதா, கழுத்து, மார்பு, தோள். விலா வந்தது. இடது பக்க விலாவுல கையை வெச்சதும் "ஆ"ன்னு கத்திட்டான்.

அதுவரைக்கும் அவன் அதைச் சொல்லவே இல்ல. சொல்லாம மறைச்சான்னு அர்த்தம் இல்ல, கால் வலியில அவனுக்கே தெரியல. மூச்சை ஆழமா இழுக்கச் சொன்னேன், பாதியில நின்னுடுச்சு. அப்புறம் மூச்சு எப்படிப் போகுதுன்னு கவனிச்சுக்கிட்டே இருந்தேன். ஆம்புலன்ஸ் வந்தப்போ முதல்ல நான் சொன்னது விலாவைப் பத்தித்தான். எக்ஸ்ரேயில கீறல் தெரிஞ்சது. அது தெரியாம அவனைத் தூக்கியிருந்தா, அந்தப் பக்கத்தை அழுத்தித்தான் பிடிச்சிருப்போம்.

பதினாறு விலாவையும் எண்ணிச் சொன்ன அந்த வரி சும்மா எழுதினது இல்லைங்க. உடம்பை அவ்வளவு கவனமா, ஒரு இடம் விடாமப் பார்க்கிற பார்வையே ஒரு காவல். அம்மா குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்க்கிற பார்வை அது. கவசம் அந்தப் பார்வையைத் தினமும் காலையில நமக்குப் பழக்கிவிடுது.

சுமக்கிறது

போனவங்க திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மேட்டுல சிக்னல் கிடைச்சு 108-க்குச் சொல்லிட்டாங்க. ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைக்கும்தான் வரமுடியும். அங்க இருந்து எங்க இடம் ஒண்ணரை கிலோமீட்டர், பாதி தூரம் ஏத்தம். கூடவே பூண்டு வயல்ல வேலை முடிச்சுக் கிளம்பிக்கிட்டிருந்த நாலு பேரைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. அதுல மூத்தவருக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும்.

அவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். "டார்ச் இருக்கா? சாக்கு கொண்டாங்கப்பா" அப்படின்னார். உருளைக்கிழங்கு கட்டுற சாக்கு நாலு. அடி மூலையைக் கத்தியால கிழிச்சு, இரண்டு நீளக் கம்பை உள்ள விட்டு, அஞ்சு நிமிஷத்துல ஒரு படுக்கை தயார். நான் கையெல்லாம் நடுங்க, "ஐயா, வழுக்குமே, இருட்டாயிடுச்சே"ன்னேன். அவர் சொன்னது அப்படியே மனசுல நிக்குது.

"சாமி பார்த்துக்கும் தம்பி. நீங்க கம்பைப் பிடிங்க."

இந்த ரெண்டு வாக்கியத்தையும் பிரிச்சுப் பாருங்க. முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்திருந்தா அவன் அங்கயேதான் கிடந்திருப்பான். ரெண்டாவதை மட்டும் சொல்லியிருந்தா, அந்த இருட்டுல எனக்குத் தைரியம் வந்திருக்காது. அவர் இரண்டையும் ஒரே மூச்சுல சொன்னார். அவருக்கு அது இரண்டு விஷயமாவே படல.

முன்னாடி ரெண்டு பேர், பின்னாடி ரெண்டு பேர், தோள்ல கம்பு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நாங்க மாத்திக்கிட்டோம். எதிர்ல டார்ச் வெளிச்சத்துல, தோள்ல கம்போட அவங்க ஏத்தம் ஏறுறதைப் பார்த்தப்போ எனக்கு இடும்பன்தான் ஞாபகம் வந்தான். அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரின்னு இரண்டு மலையைத் தடியில கட்டித் தோள்ல தூக்கிட்டு வந்தவன். திருவாவினன்குடியில இறக்கி வெச்சு இளைப்பாறினவன், குழந்தை முருகன்கிட்ட மோதி விழுந்து, மறுபடி உயிர் பெற்றவன். தன்னை மாதிரி காவடி சுமந்து வர்றவங்களுக்கு அருள் செய்யணும்னு வரம் கேட்டவன். பழனி மலையேறும்போது வழியில அவனைக் கும்பிட்டுட்டுத்தான் மேல போறோம்.

அவன் கேட்ட வரத்தை யோசிச்சுப் பாருங்க. அவன் சுமந்த மலை அவனோடது இல்ல. இன்னொருத்தருக்காகச் சுமந்தது. நம்ம காவடி மரபே அங்க இருந்துதான் தொடங்குது. பால் குடமும் மயில் தோகையும் கட்டுற அன்னைக்கு மட்டும்தான் காவடின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அன்னைக்கு நாலு சாக்குல ஒரு காவடியைப் பார்த்தேன். அது எழுபத்தெட்டு கிலோ எடை, நடுவுல "மெதுவாங்க, மெதுவாங்க"ன்னு முனகிக்கிட்டிருந்தது.

தார் ரோட்டுல ஆம்புலன்ஸ் விளக்கு தெரிஞ்சது. அவனை ஏத்தின பிறகு, மூத்தவர்கிட்ட பணம் கொடுக்கப் போனேன். அவர் சிரிச்சார். "கிழிச்ச சாக்குக்கு வேணா காசு குடுங்க தம்பி. தோளுக்குக் காசு வாங்க மாட்டோம்."

கேள்விக்குப் பதில்

கால்ல ஆபரேஷன் பண்ணி உள்ள கம்பி வெச்சாங்க. ஆஸ்பத்திரியில இருந்த நாட்கள்ல அவன் கவசம் படிக்கல. "படிக்கத் தோணல மாப்ள. கோபமும் இல்ல, ஒண்ணுமே தோணல"ன்னான். வீட்டுல அம்மாவுக்கு ரொம்ப வருத்தம். நான் வற்புறுத்தல. முருகன் மேல கோபப்பட்டவங்களும் முருகனுக்கு வேண்டியவங்கதான். ஒரு பழத்துக்காக அவனே கோபிச்சுக்கிட்டு மலையேறினவன்தானே.

சரியா அவன் எப்போ மறுபடி படிக்க ஆரம்பிச்சான்னு எனக்குத் தெரியாது. தைப்பூசம் வந்தது. அவனால நடக்க முடியாது. ஆனா உடுமலையில இருந்து பழனி போற வழியில, பாதயாத்திரை போறவங்களுக்குப் பந்தல் போட்டிருந்த ஒரு இடத்துல ஊன்றுகோலோட போய் உட்கார்ந்துக்கிட்டான். மூணு நாள். வர்றவங்க பாதத்துல கொப்புளத்துக்கு மருந்து போடுறது, தைலம் தேய்ச்சு விடுறது. அஞ்சு வருஷம் நடந்தவனுக்குத் தெரியும், எந்த இடத்துல எரியும்னு.

அங்க வெச்சு என்கிட்ட சொன்னான். "இப்பல்லாம் கவசம் படிக்கும்போது தோள் வருதுல்ல, அந்தப் பெரியவர் தோளை நினைச்சுக்குறேன். கால் வரும்போது இங்க நடக்கிறவங்க கால். ஏன் விழுந்தேன்னு இன்னும் எனக்குத் தெரியல. ஆனா அன்னைக்கு நான் தனியாக் கிடக்கல, அது தெரியும்."

அடியார்களே, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் இதுதான். கவசம்கிற வார்த்தையையே பாருங்க. அது போருக்குப் போறவன் போடுறது. அம்பே வராத இடத்துல உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கவசம் எதுக்கு? அதைப் பாடிக் கொடுத்த பெரியவருக்கு, அடி விழும்னு தெரியும். வலி, நோய், பயம், இருட்டு எல்லாத்தையும் பட்டியல் போட்டுத்தான் அதுக்குள்ள வெச்சிருக்கார். விழவே மாட்டோம்னு அது நமக்கு வாக்குக் கொடுக்கல. விழுந்தா காக்கிறவன் இருக்கான்னு சொல்லுது.

அவன் எப்படிக் காக்கிறான்? சில நேரம் நேரா. பல நேரம் யாரோட கையையாவது, தோளையாவது வாங்கிக்கிட்டு. தினமும் காலையில "காக்க" "காக்க"ன்னு நாம சொல்றப்போ, இன்னொரு பக்கத்துல எவனோ ஒருத்தனும் அதையே சொல்லிக்கிட்டிருக்கான். அவன் வேண்டுதலுக்கு முருகன் அனுப்புற ஆள் நாமளா இருக்கலாம். நாம கேட்கிறதுக்கு மட்டும் கவசம் படிச்சா பாதிதான் படிச்சோம். அனுப்பினா போறதுக்கும் தயாரா இருந்தா முழுசாப் படிச்சோம்.

அனுப்பினா போகத் தயாரா?

தயாரா இருக்கிறதுன்னா மனசு மட்டும் போதாது. கொஞ்சம் தெரிஞ்சும் வெச்சுக்கணும். மலைக்கு, மண் பாதைக்கு வண்டியில போற தம்பி தங்கைங்க நம்ம நடுவுல நிறைய பேர் இருக்காங்க. உங்களுக்காகச் சிலது:

1. "வேல் இருக்க பயமேன்"னு ஹெல்மெட் இல்லாமப் போகாதீங்க. என் நண்பன் ஹெல்மெட்ல இருந்த விரிசல், அவன் தலையில வந்திருக்க வேண்டியது. முழங்கால் கவசம், கணுக்கால் வரை மூடுற பூட்ஸ் எல்லாம் கவசம்தான்.

2. தனியாப் போகாதீங்க. மூணு பேருக்குக் குறையாமப் போனா, ஒருத்தருக்கு அடிபட்டா ஒருத்தர் பக்கத்துல இருக்கலாம், ஒருத்தர் உதவிக்குப் போகலாம். எந்த வழியா போறீங்க, எப்போ திரும்புவீங்கன்னு வீட்டுல சொல்லிட்டுப் போங்க.

3. அடிபட்டவரை உடனே தூக்கி நிறுத்தாதீங்க. கழுத்து, முதுகு வலின்னா அசைக்கவே அசைக்காதீங்க. மூச்சு நல்லா இருந்தா ஹெல்மெட்டைப் பிடிச்சு இழுக்க வேண்டாம்.

4. ரத்தம் கொட்டினா சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க. எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. துணி நனைஞ்சா மேலயே இன்னொரு துணி.

5. உடைஞ்ச எலும்பை நிமிர்த்தாதீங்க, எண்ணெய் போட்டு உருவாதீங்க. இருக்கிற நிலையிலயே அசையாமக் கட்டுங்க. கட்டின பிறகு விரல் மரத்துப் போகுதா, நிறம் மாறுதான்னு பார்த்து, இறுக்கமா இருந்தா தளர்த்துங்க.

6. சாப்பிடக் குடிக்கக் கொடுக்காதீங்க. குளிர்ல இருந்து காப்பாத்துங்க. பேசிக்கிட்டே இருங்க.

7. ஆம்புலன்ஸுக்கு 108, பொதுவான அவசர உதவிக்கு 112. உங்க சிம்முக்கு சிக்னல் இல்லாத இடத்துலகூட, வேற கம்பெனி டவர் எட்டினா 112-க்கு அழைப்பு போகும். முயற்சி பண்ணுங்க.

8. ரோட்டுல அடிபட்டவரைப் பார்த்தா, "போலீஸ், கேஸ்"னு பயந்து ஒதுங்காதீங்க. நல்ல எண்ணத்தோட உதவுறவங்களுக்கு, மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவு பாதுகாப்பு கொடுக்குது. பேரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல தொடங்கின "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்துல, சாலை விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு ஆஸ்பத்திரிகளிலும், திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசம். அந்தத் திட்டத்தோட பேர்லயும் "காக்கும்" இருக்கு, பாருங்க.

நாளைக்குக் கிருத்திகைக்குக் கவசம் படிக்கும்போது ஒரு சின்ன விஷயம் செஞ்சு பாருங்க. உடம்பு வரிசை வரும்போது அவசரமா ஓட வேண்டாம். ஒவ்வொரு உறுப்புக்கும் உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரை நினைச்சுக்கோங்க. கண்ணுக்கு, ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற பாட்டி. முதுகுக்கு, மூட்டை தூக்குற அண்ணன். முழங்காலுக்கு, படியேற முடியாத அப்பா. படிச்சு முடிச்சதும் அதுல ஒருத்தருக்காவது போன் பண்ணுங்க, முடிஞ்சா நேர்ல போய்ப் பாருங்க. வேண்டுதல் வாய்ல இருந்து காலுக்கு இறங்கட்டும்.

மலைப் பாதையில போற பிள்ளைகளையும், அவங்க திரும்பி வர்ற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டிருக்கிற அம்மாக்களையும், முகம் தெரியாதவனுக்குத் தோள் கொடுக்கிற எல்லாரையும் குழந்தை வேலப்பர் காக்கட்டும்.

வேலும் மயிலும் துணை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!